மன்னாரில் முத்துக் குளித்த நாட்கள்

கடலை ஒருநாளும் கண்டிராத கரவனெல்லைத் தோட்டத்துப் பிள்ளையும் முத்தைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கும். இரத்தினபுரி மண் மாணிக்கம் தருகிறது. முத்தையோ மன்னார்க் கடல் தந்தது. தோட்டத் தமிழரின் முன்னோர் பலர் தோணியிறங்கி மலைநாடு நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டதும் அந்த மன்னார்க் கரையிலிருந்தே. அதன் தெற்கே, சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் நடைபெற்ற முத்துக்குளிப்பை ஒரு பெருவிழா என்றே சொல்லல் வேண்டும்.

வெறும் மணற்காட்டிலே சில வாரங்களுக்கென ஒரு பட்டினம் எழும். ஓலைக் கொட்டகைகளில் கடைவீதியும் நீதிமன்றமும் வைத்தியசாலையும் அமையும். தூத்துக்குடிப் பரவரும், கீழக்கரை முஸ்லிம்களும், பாரசீக வளைகுடா அராபியரும் குளிக்க வருவர். வட்டிக்கடைக்காரரும் நகை வணிகரும் அவர்களைப் பின்தொடர்வர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபா.

நள்ளிரவில் கரைக்காற்றோடு வள்ளங்கள் புறப்படும். குளிப்பவன் கனத்த கல்லொன்றிற் காலை வைத்து, கயிற்றைப் பற்றிக் கொண்டு அடியில் இறங்குவான். தமிழன் மூக்கைக் கையாற் பொத்துவான். அராபியனுக்குக் கொம்பினாற் செய்த கவ்வி உண்டு. ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையிலே திணித்துக் கயிற்றை அசைப்பான்; மேலேயிருப்பவன் இழுத்துக் கொள்வான். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதற்குக் ‘கடல்கட்டி’ என்றொருவர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது என்பதை நேயர்கள் நம்பத்தான் வேண்டும்! மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பவனின் அச்சத்தைக் கட்டியது.

கரை சேர்ந்ததும் குளித்தவர்களே சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பர். அவற்றுள் எவ்விரண்டு அரசாங்கத்துக்கு என்பதை அதிகாரி தெரிவார், எஞ்சியது உழைத்தவருக்கு. எந்தக் குவியல் தம்மிடம் எஞ்சும் என்று அறியாதவர், பங்கைச் சமமாகப் பிரிப்பதன்றி வேறென் செய்வர்? நல்ல ஏற்பாடுதான், எனினும் மூச்சை அடக்கியவனுக்கு மூன்றில் ஒன்று போதுமா என்பது வேறு வழக்கு.

இவ்விழா ஆண்டுதோறும் நடந்ததன்று. கடலடியிலுள்ள ‘பார்’களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளின் முத்தை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். 1891க்கும் 1903க்கும் இடையே ஒரு குளிப்பும் இல்லை. காரணம் ஆராய 1902இல் வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், பெரியபாரில் இளஞ்சிப்பிகள் மிகுந்தும், பருவக்காற்றின் அலைகளால் அவை முதிருமுன் அழிவதைக் கண்டார். 1906இல் கடல் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அடுத்த ஆண்டின் பின் சிப்பி வளம் குன்றியது, கம்பனியும் கலைந்தது. 1925க்குப் பின் இலங்கையிற் பெருங்குளிப்பு நிகழவில்லை. எதிர்க்கரையான தூத்துக்குடியிலும் 1961உடன் அது நின்றது. குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் அரிப்பிலே கட்டிய மாளிகை இன்று இடிபாடாக நிற்கிறது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்கின்றனர்.

கடலுள் இறங்கும் விழா வேறோரிடத்தில் இன்றும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் ஆண்டுதோறும் யூலை இறுதியில், ஒரு புதனும் அடுத்த வியாழனும், பொதுமக்கள் சிங்கி இறால் பிடிக்க அனுமதிக்கப்படுகின்றனர். அமுக்கிய காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து ஆயிரக்கணக்கானோர் மூழ்குகின்றனர். லோடர்டேல்-பை-த-சீ என்ற சிற்றூர் இதனையே திருவிழாவாக்கியுள்ளது. ஆயின் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அளவுகோல் இருத்தல் வேண்டும். தலையோடு 3 அங்குலத்துக்கு மேற்படாத இறாலையும், முட்டை சுமக்கும் தாயையும் நீருக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். மன்னாரில் சிப்பியை மதிப்பிட்டவர் அதிகாரி; அங்கு அளப்பவன் பிடிப்பவனே.

இலங்கையிலும் சிங்கி இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தடையுண்டு. தென்கரை மீனவனுக்கு அம்மூன்று மாதமும் இறால் வருமானம் இல்லை.