எல்லைக் கோடு போடுவது யார்?

(ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்)

ஆழ்வார்பேட்டை எங்கே முடிகிறது? மயிலாப்பூர் எங்கே ஆரம்பிக்கிறது? பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். மாநகராட்சி வார்டு பிரித்திருக்கிறது. ஆனால் அந்தக் கோடு நாம் வாயால் சொல்லும் ஆழ்வார்பேட்டையைப் பார்த்துப் போட்டதல்ல. அதனால் ஆழ்வார்பேட்டையே இல்லை என்று எவராவது சொல்வாரா? பட்டணத்தில் இது வெறும் பேச்சு. மலையிலோ இது குடியிருப்பும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட பிரச்னை.

1882-ம் வருஷத்து மதராஸ் வனச் சட்டத்தின் கீழ் வெள்ளைக்காரன் காட்டைச் சுற்றிக் கோடு போட்டு 'ரிசர்வ்' என்று பெயர் வைத்தான். உள்ளே வாழ்ந்த ஜனங்களின் எல்லை பல இடங்களில் அவன் காகிதத்தில் ஏறவில்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் போட்ட கோடு இருக்கிறது.

இன்று ஜனங்களே வரையும் வரைபடம் ஒன்று உண்டு. 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று பெயர். 2004-ல் பிரிட்டனில் தொடங்கியது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. நம் தெருவை, கிணற்றை, ஒற்றையடிப் பாதையை நாமே அதில் சேர்க்கலாம். ஆனால் கோடு போட்டால் மட்டும் போதாது. அது என்ன வகைக் கோடு என்றும் எழுதவேண்டும். நிர்வாக எல்லைக்கு எண் வரிசை உண்டு: தேசத்துக்கு 2, இந்தியாவில் மாநிலத்துக்கு 4, ஜில்லாவுக்கு 5. சரணாலயத்துக்குப் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று வேறு வகை.

பழங்குடி மக்களின் எல்லையை எந்த வகையில் எழுதுவது? இதுதான் கேள்வி.

சத்தியமங்கலம் மலையிலும் அதை ஒட்டிய கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையிலும் சோளகர் வாழ்கிறார்கள். அவர்களின் குலம் ஒவ்வொன்றுக்கும் காட்டில் ஓர் 'எல்லெ' உண்டு. நம்முடைய 'எல்லை' என்ற சொல்தான். தெய்வம் உறையும் இடம், நீரூற்று, முன்னோரின் கல் - இவையே அதற்கு அடையாளம். சர்வே கல் கிடையாது. பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து நடந்து, இத்தகைய நூற்றுக்கணக்கான இடங்களை வரைபடத்தில் ஏற்றினார்கள். 2011-ல் அந்தக் காடு புலிகள் காப்பகமாயிற்று. அதே வருஷம் சோளகரின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது.

'நிர்வாக எல்லையாகவே எழுதிவிடலாமே' என்பார் சிலர். அமெரிக்காவில் நவாஹோ மக்களுக்குச் சொந்த ஆட்சி உண்டு, போலீசும் கோர்ட்டும் உண்டு. ஆனால் அவர்கள் நிலம் அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என்ற மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. ஜில்லா மாநிலத்துக்குள் அடங்கும். இது எதற்குள் அடங்கும்?

'பாதுகாக்கப்பட்ட பகுதியில் 24-ம் பிரிவாக எழுது' என்பார் வேறு சிலர். அப்படியென்றால் புலிக்கும் மானுக்கும் உள்ள பட்டியலில் மனிதனையும் சேர்ப்பதாகும். காட்டைக் காப்பவர்கள் அந்த ஜனங்கள்; காட்சிப் பொருள் அல்ல.

ஆகவே 'பூர்வகுடி நிலம்' என்ற தனி வகையே நியாயமானது. அந்த வரைபடத்தில் அப்படி ஒரு வகை இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரேசிலிலும் அது வழக்கத்தில் உள்ளது.

நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கல். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடி மக்கள் 7,94,697 பேர். ஆனால் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குல நிலமும் இங்கே அறிவிக்கப்படவில்லை. எடுத்து வரைய சர்க்கார் கோடே கிடையாது! பின் எதை ஆதாரமாகக் கொள்வது?

நாடெங்கும் ஜனங்கள் போராடிப் பெற்ற 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் விடை தருகிறது. கிராமத்தின் 'வழக்கமான எல்லை'யை அது ஏற்கிறது, சரணாலயத்துக்குள்ளும் ஏற்கிறது. உரிமைக் கோரிக்கையைக் கேட்டுத் தொடங்கிவைக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. இரண்டு கிராமத்து எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், இரு தரப்பு வன உரிமைக் குழுக்களும் கூடிப் பேசவேண்டும் என்கிறது விதி. ஒரே மேய்ச்சலை இரண்டு ஊர் பகிர்வது குற்றமல்ல. ஜில்லாவும் ஜில்லாவும் ஒன்றன்மேல் ஒன்று படியாது; இந்த எல்லைகள் படியும். வரைபடம் அதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும், தோழர்களே! வரைபடம் பட்டா ஆகாது. செயற்கைக்கோள் படம் மற்ற சாட்சியங்களுக்குத் துணைதான், மாற்று அல்ல என்று 2012-ல் திருத்திய விதிகளே சொல்கின்றன. பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சட்டம் சாட்சியமாக ஏற்கிறது. அதை எழுதி வாங்குங்கள். மூலிகை விளையும் இடத்தையும் தெய்வம் உறையும் இடத்தையும் ஊரறியப் போட்டால், நாளைக்கே வியாபாரி வந்து நிற்பான். எதைப் போடுவது, எதை மறைப்பது என்று கிராம சபை தீர்மானிக்கட்டும்.

பட்டணத்து வாலிபர்களுக்குக் கருவி தெரியும். மலை ஜனங்களுக்குக் காடு தெரியும். கருவியோடு போங்கள், கூட நடங்கள், கேட்டு எழுதுங்கள். ஆனால் கோட்டை அவர்களே போடட்டும்!