காற்றுக்கும் செக்ரோலில் இடம் வேண்டும்

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



புல்லுக்கு மருந்தடிப்பது மருந்தடிக்கும் கூட்டத்தாரின் பாடு, நமக்கென்ன என்று பால்மரம் வெட்டும் நம்மில் சிலர் நினைக்கிறோம். குழாய் முனையிலிருந்து புறப்படும் மருந்து முழுவதும் புல்லில் விழுவதில்லை. பொடித்துளிகள் காற்றிலேறி அடுத்த நிரைக்குப் போகின்றன. அங்கே மங்கு துடைக்கும் சகோதரியின் முகத்தில் படுகின்றன. வேலி தாண்டிக் கம்போங்காரரின் கீரைப் பாத்தியிலும் இறங்குகின்றன.

பாராகுவாட்டை நாம் மறக்க முடியுமா? அதைக் கையாண்டவர்களுக்கு நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வடிந்தது. 2002-இல் அரசாங்கம் அதைத் தடுத்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடுத்துவிட்டது. ஒரு மருந்தை விலக்க இத்தனை ஆண்டுகள்! இப்போது வேறு மருந்து அடிக்கிறோம். காற்று பழைய காற்றுதான்.

துளி பறப்பதைக் குறைக்கப் பெரிய வித்தை வேண்டாம். அழுத்தம் ஏற ஏறத் துளி பொடியாகும். ஆகவே பூச்சிமருந்துக்குரிய கூம்பு முனையைக் களைக்கொல்லிக்கு மாட்டலாகாது. குறைந்த அழுத்தத்தில் பெருந்துளி விழும் முனை வேண்டும். அதைப் புல்லுக்கு நெருக்கமாகத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். காற்று போகும் ஓரத்தில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்காக நடந்து, அது வரும் பக்கமாக ஏறினால் அடித்த புல்லில் கால் படாது. இலையே அசையாத விடியற்காலை நல்ல நேரம் என்பார்கள். அதுவும் சரியல்ல, அப்போது பொடித்துளி கீழே விழாமல் பனிமூட்டம்போல் மிதந்து நகரும். இலை மெல்ல அசையும் நேரமே ஏற்றது. சிறு கிளைகள் ஆடத் தொடங்கினால் தோம்பை இறக்கிவிட வேண்டும்.

இறக்கிவிடலாம், கூலி? சங்கடமே அங்கேதான். நாளைக்கு இத்தனை தோம்பு அடித்தால்தான் முழுச் சம்பளம் என்றால், பிள்ளைகுட்டிக்காரி காற்றைப் பார்ப்பாளா, கணக்கைப் பார்ப்பாளா? அவளுக்குப் பத்து வகுப்பு நடத்தினாலும் பயனில்லை. கிராணிமார்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. மழையால் வேலை நின்றால் செக்ரோலில் குறிக்கிறோம். காற்றால் நின்றதைக் குறிக்க அதில் இடமே இல்லை.

காற்றால் தோம்பு இறங்கிய நாளுக்குக் கூலி குறையலாகாது என்று நம் கிளை கேட்கிறது. மறுநாள் எந்த நிரைக்கு மருந்து என்பதை முதல் நாளே அறிவித்து, அங்கும் பக்கத்து நிரைகளிலும் பால்வெட்டை மாற்றிவைக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இது சலுகையன்று. வேலையாளின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே சொல்லுகிறது.

எல்லைக்கப்பால் உள்ள சிறுதோட்டக்காரர்களிடமும் பேச வேண்டும். இந்நாட்டு ரப்பர் நிலத்தில் பெரும்பகுதி இன்று அவர்கள் கையில். அவர்களுக்குக் குழாய் முனையைக் கழற்றிக் காட்டிச் சொல்ல ஆளில்லை. கடைக்காரர் மருந்தை விற்பதோடு சரி. அவர்கள் அடிக்கும் மருந்தும் நம் லயத்துக் கொடியில் காயும் துணியில்தான் படிகிறது. வரும் ஞாயிறன்று நாமே நாலைந்து பேராகப் போவோம்.

கோரிக்கைக் கடிதம் திங்கட்கிழமை நிர்வாகியிடம் போகிறது. மருந்தடிக்கும் சகோதரிகள் இருவர் கூட வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; பேசப்போவதும் அவர்கள்தாம்.