விடுப்புச் சம்பளம் யார் தருவது?

பிள்ளை பெற்ற தாய்க்கு, முதல் இரண்டு பிள்ளைகள் வரை, சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. 2017 முதல் நம் நாட்டில் இதுதான் சட்டம். நல்ல சட்டம். ஆனால் அந்தச் சம்பளத்தை யார் தருவது?

ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேராத பெண்ணுக்கு முதலாளிதான் தர வேண்டும். முழுவதையும் அவர் ஒருவரே. பன்னிரண்டு பேரை வைத்து ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறவர் என்ன நினைப்பார்? பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குவார். காப்பாற்ற வந்த சட்டம், அந்தப் பெண்ணின் வேலைக்கே உலை வைக்கிறது.

ஈஎஸ்ஐ-யில் அப்படி இல்லை. நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி முக்கால் ரூபாய், முதலாளி மூன்றேகால் ரூபாய். ஆணுக்கும் பிடிக்கிறார்கள், பெண்ணுக்கும் பிடிக்கிறார்கள். விடுப்புச் சம்பளம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். எல்லோரும் கொஞ்சம் கொடுப்பதால் ஒருவர் தலையில் பாரம் விழுவதில்லை.

இது கட்டுப்படியாகும். இதுதான் நியாயமும்கூட. ஆனால் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஈஎஸ்ஐ கிடையாது. வயல் வேலை, வீட்டு வேலை செய்யும் பெண்களோ இதற்குள் வரவே இல்லை. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கோ பிள்ளை பிறந்ததற்கென்று சட்டப்படி ஒரு நாள்கூட விடுப்பு இல்லை.

இந்தப் பொது நிதியை விரிவாக்க வேண்டும். அரசும் அதில் தன் பங்கைப் போட வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.