நாலு மணி வரையா, நாலு மணிக்குள்ளா?

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)



முதலில் ஒரு மன்னிப்பு. சம்ப் கழுவிய வெள்ளிக்கிழமைக்கு நோட்டீஸ் எழுதியவன் நான்தான். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை தண்ணீர் வராது என்று சொல்ல நினைத்தேன். ‘வாட்டர் சப்ளை வில் பி ஸ்டாப்ட் பை ஃபோர் பி.எம்.’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். நாலு மணிக்குள் நிறுத்துவார்கள், அவசரமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள். 10 மணிக்குக் குழாய் நின்றபோது, மூன்றாவது மாடி மாமி தலையில் சீயக்காயோடு இருந்தார். இரண்டு குடம் தண்ணீரை நானே படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தவறு ஒரே சொல்லில். ‘வரை’ என்றால் ‘டில்’. ‘க்குள்’ என்றால் ‘பை’. தமிழில் யாரும் இதைக் குழப்பிக்கொள்வதில்லை. அதனால் நோட்டீஸை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. மணிக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் வருடத்துக்கும் ‘இன்’. ‘இன் த மார்னிங்’ சரி. கிழமை சேர்ந்தால் ‘ஆன் ஃப்ரைடே மார்னிங்’. ‘லாஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘திஸ்’ வந்தால் எதுவுமே வேண்டாம். ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுதாதீர்கள்.

பராமரிப்புப் பணம் ‘பை டென்த்’ என்றால் 10-ஆம் தேதியும் சேர்த்தி. ‘பிஃபோர் டென்த்’ என்றால் 9-ஆம் தேதியோடு சரி. அபராதம் போடுமுன் எதை எழுதினோம் என்று பார்க்க வேண்டும்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மயிலாப்பூரில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். செக் பணமில்லாமல் திரும்பினால் 138-ஆவது பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். சட்டத்தில் ‘ஆஃப் த ரிசீட்’ என்று இருக்கிறது. ‘ஃப்ரம்’ என்று இல்லாததால், கிடைத்த நாளையும் சேர்த்து எண்ணுவதா என்று சண்டை. 1999-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகள் இரண்டு விதமாகச் சொல்லின. 2013-இல்தான் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது: முதல் நாளை விட்டுவிட வேண்டும். ஜூன் 1-ஆம் தேதி நோட்டீஸ் கிடைத்தால் ஜூன் 16 வரை அவகாசம். ஒரு நாள் முந்திப் புகார் கொடுத்தால் வழக்கே நிற்காது.

நமக்கு வழக்கு வேண்டாம். தண்ணீர் வந்தால் போதும். இனி ஒவ்வொரு நோட்டீஸின் கீழும் தமிழில் இரண்டு வரி எழுதுவோம். பல வீடுகளில் பக்கெட்டை நிரப்பி வைப்பது வேலைக்கு வரும் அம்மாக்கள்தான், அவர்களும் படிக்கட்டும்.

அடுத்த நோட்டீஸை ஒட்டுமுன் மாமியிடம் காட்டிவிடுகிறேன்.