லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலை

(தோட்ட மண்டபத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



துணி தோய்க்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கிற ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை. அதில் அரை நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்முடைய பகுதித் தோட்டங்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு வந்து போகிறது. எங்கே மரம் நடலாம், எங்கே நடக்கூடாது, மழைத் தண்ணியை எந்தப் பக்கம் திருப்பலாம், பீலியை எப்படிக் காப்பாற்றலாம் என்று, குடியிருக்கிற ஆட்களோடு உட்கார்ந்து திட்டம் போடுவதுதான் அவர்கள் வேலை. இதற்குப் ‘பசுமைக் கட்டமைப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிசு. சீமெந்துச் சுவர் செய்கிற வேலையில் ஒரு பங்கைப் புல்லும் மரமும் கானும் செய்ய வைப்பது, அவ்வளவுதான்.

“வருவாங்க, போட்டோ புடிப்பாங்க, போயிருவாங்க” என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார். அந்தச் சந்தேகம் நியாயமானது. நாங்களும் அதே சந்தேகத்தோடுதான் அவர்களோடு மலை ஏறினோம். ஆனால் அவர்கள் முதலில் கேட்டது துரையையோ கணக்கப்பிள்ளையையோ அல்ல, தண்ணி தூக்குகிற பொம்பிளைகளை. மழைக்கு எந்தக் கான் நிரம்பும், எந்த இடத்தில் புதிதாக ஊத்து வந்திருக்கு, எந்த வீட்டுக் கதவு இப்போது சரியாகச் சாத்த முடியவில்லை, இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தரையில் வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊத்து, இறுகிப் போகிற கதவு எல்லாமே மண் நகருகிற அடையாளங்கள்.

தண்ணிக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பத்துக் காம்பரா லயத்தின் கூரை ஏறக்குறைய 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தகரத்திலிருந்து 200 லீட்டர், அதாவது ஒரு பீப்பாய் தண்ணி வடியும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் மண்சரிவு பற்றி விழிப்பாக இருக்கச் சொல்கிறார்கள். அப்படிப் பெய்கிற நாளில் ஒரே லயத்திலிருந்து 75 பீப்பாய்! அதெல்லாம் எங்கே போகிறது? பீலி ஓட்டை, கான் அடைப்பு. நேராக அஸ்திவாரத்துக்குள்ளேயும் கீழ் லயத்தின் பின்சுவருக்குள்ளேயும்தான் போகிறது. மலையை நாம் குறை சொல்கிறோம். பாதித் தண்ணியை நம்ம கூரைதான் ஊத்துது.

தேயிலை மலையில் கான் வெட்டத் தெரியாத ஆள் இங்கே யாரும் இல்லை. சரிவுக்குக் குறுக்கே, இடையிடையே குழியும் தடுப்பும் வைத்து வெட்டுகிற கான் தேயிலைச் செடியின் மண்ணை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்திருக்கிறோம். ஆனால் லயத்தைச் சுற்றி மட்டும் கதையே வேறு. இங்கே தண்ணியை மண்ணில் இறக்கக்கூடாது, மூடாத கானில் ஓடைவரை கொண்டு போய்விட வேண்டும். கானின் கரையில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் மூன்று மீட்டருக்கும் கீழே நேராக இறங்கும், பக்கத்தில் பரவி மரக்கறிப் பாத்தியைக் கெடுக்காது. வீட்டுக்கு மேலே செங்குத்தான இடத்தில் பெரிய யூகலிப்டஸ் மரங்கள் வேண்டாம் என்பது அவர்கள் சொன்னது, எங்களுக்கும் அது சரியாகப் படுகிறது. காற்றடிக்கும்போது அந்தப் பாரம் மண்ணையும் சேர்த்து ஆட்டும். மரக்கறிப் பாத்திக்காக லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுப்பதும் நிற்க வேண்டும். இது சிலருக்குக் கசக்கும், தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆழத்திலிருந்து மலையே கிளம்பி வந்தால் புல்லும் மரமும் நிறுத்தாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே வந்திருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டில் எத்தனையோ சரிவுகள். ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எழும்பிப் போகச் சொன்னால் எழும்பிப் போக வேண்டும். “புல் நட்டிருக்கோம், இருக்கலாம்” என்று யாரும் சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. வேறு இடம் கேட்கிற கோரிக்கையையும் இந்த வேலைக்காகக் கைவிடக் கூடாது.

தம்பிமார் கேட்கிற கேள்வி இன்னொன்று: “காணி நம்மது இல்லை, நாம ஏன் மரம் நடணும்?” கேள்வி சரிதான். அரசாங்கத்தின் நிலம், கம்பனி குத்தகைக்கு எடுத்திருக்கிறது, நம் கையில் உறுதி இல்லை. ஆனா சரிஞ்சா நம்ம தலையிலதான். எனவேதான் நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்கித் தரும்படி அந்த அமைப்பைக் கேட்டிருக்கிறோம். எந்தத் துண்டில் நட்டோம், யார் பராமரிப்பது, பலாவும் கொய்யாவும் காய்த்தால் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் வராமல் ஒரு கன்றும் நட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் உங்களிடம் காசு கேட்கவில்லை. லயத்துக்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது பெண். வரைபடம் போடுகிற இரண்டு ஞாயிறும், கான் வெட்டுகிற சிரமதானத்துக்கு ஒரு நாளும் வந்தால் போதும். பெரட்டு நாளில் வேலையை விட்டு வரச் சொல்ல மாட்டோம். ஒவ்வொரு தொங்கலிலும் ஒரு பிள்ளை மழையை அளந்து எழுதட்டும். பக்கம் நேராக உள்ள டின் ஒன்றை வெளியான இடத்தில் வைத்து, அடிமட்டத்தால் காலையில் அளந்தால் சரி. ராத்திரியில் சத்தமோ வெடிப்போ கண்டால் முதலில் பக்கத்து வீட்டைத் தட்டி எழுப்பி, எல்லோரும் வெளியேறிய பிறகு 117 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அது இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பிள்ளைக்காம்பரா அக்காவிடம் வெள்ளிக்கிழமைக்கு முன்பு சொல்லிவிடுங்கள். முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் லயத்துப் பீலியடியில் கூடுவோம். மழை பெய்தாலும் வாருங்கள், தண்ணி ஓடுகிற வழியை அப்போதுதான் பார்க்கலாம்.