ஆலை திவாலானால் கரும்புக்காரர் பாக்கி என்ன ஆகும்?

(கள்ளக்குறிச்சியில் நடந்த வழக்கறிஞர் அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. கரும்பு போடுற சொந்தக்காரங்களுக்கும் அனுப்புங்க.)



கம்பெனி சட்டம்னாலே அது சென்னைக்காரங்க வேலை, நமக்கு சிவிலும் கிரிமினலும் போதும்னு நம்மில் பல பேர் நினைக்கிறோம். 2021-ல் தரணி சுகர்ஸ் நிறுவனம் சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. அதன் ஆலைகளில் ஒன்று நம்ம சங்கராபுரம் பக்கம் கலையநல்லூரில் இருக்கிறது. சென்னைச் சட்டம் நம்ம கரும்புக் கொல்லைக்கே வந்துவிட்டது. அந்த வழக்கின் முடிவைப் பற்றி நான் பேச வரவில்லை. நாளைக்கு இன்னொரு ஆலைக்கு இது நடந்தால் நாம் தயாரா என்பதுதான் கேள்வி.

நமக்குப் பழக்கமான சட்டம் 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. அப்படியும் தராவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் 2016 திவால் சட்டத்தின் கீழ் ஆலை உள்ளே போன அன்றே 14-ஆம் பிரிவு தடைக்காலம் தொடங்கிவிடும். அதன்பிறகு வசூல் நடவடிக்கை, ஜப்தி, வழக்கு எதுவும் நகராது. கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனு அப்படியே கிடக்கும்.

அப்போது விவசாயி யார்? சட்டத்தின் கண்ணில் அவர் "செயல்பாட்டுக் கடன்காரர்". கடன்காரர்கள் குழுவில் வங்கிகளுக்குத்தான் ஓட்டு. செயல்பாட்டுக் கடன்காரர்களின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதமாவது இருந்தால் அவர்கள் சார்பில் ஒரு பிரதிநிதி போய் உட்காரலாம். அவருக்கும் ஓட்டு கிடையாது. அவராகவே ஆலை மீது திவால் மனு போடலாமா என்றால், 2020 மார்ச்சிலிருந்து அதற்குக் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய். எந்தக் கரும்புக்காரருக்கு ஒரு கோடி பாக்கி இருக்கு?

இதைவிட முக்கியமான ஒன்று. 2021 ஏப்ரல் 13 அன்று கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பாயம் ஏற்ற தீர்வுத் திட்டத்தில் இல்லாத பாக்கி அதோடு அழிந்துபோகும். புது முதலாளியிடம் போய்க் கேட்க முடியாது. கோரிக்கை கொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால், உழைத்த காசு சட்டப்படியே போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு வழக்கறிஞரும் செய்ய வேண்டியது நான்கு.

ஒன்று, பேப்பரைப் பாருங்க. திவால் அறிவிப்பு ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வரும். அதில் கடைசித் தேதி இருக்கும். அது தாண்டினாலும், திவால் தொடங்கி 90 நாள் அல்லது தீர்வுத் திட்டங்களுக்கு அழைப்பு விடும் நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை கொடுக்கலாம்.

இரண்டு, செயல்பாட்டுக் கடன்காரருக்கான படிவம் "பி". அசலோடு 15 சதவீத வட்டியையும் கணக்குப் போட்டுக் கேளுங்க. வட்டியை விட்டுடாதீங்க.

மூன்று, ஆதாரம். கரும்புப் பதிவு, வெட்டு உத்தரவு, எடைச்சீட்டு, வங்கிப் பாஸ்புக். எடைச்சீட்டு மை அழியறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க.

நான்கு, "உங்க பேரில் ஆலை மூலமா ஏதாவது வங்கிக் கடன் இருக்கா?" என்று கேளுங்க. திருமண்டங்குடி திரு ஆரூரான் ஆலை திவாலாகிக் கைமாறியது. தங்கள் பேரில் வாங்கப்பட்ட கடன் தங்கள் தலையிலேயே நிற்கிறது என்று சொல்லித்தான் அங்கே விவசாயிகள் 2022 நவம்பர் கடைசியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அது ஆண்டுக் கணக்கில் நீண்டது.

கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். மரவள்ளிக்கு 14 நாள் கெடுவும் கிடையாது, 15 சதவீத வட்டியும் கிடையாது. கிழங்கு வாங்கும் சேகோ ஆலை கம்பெனியா, கூட்டுப் பங்கு நிறுவனமா, தனி ஆள் நடத்துவதா என்று முதலில் பாருங்க. கம்பெனி என்றால் மேலே சொன்ன வழி. மற்றவை என்றால் சிவில் கோர்ட். பாக்கி விழுந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு. வெள்ளிமலையிலிருந்து ஒரு பெரியவர் கீழே இறங்கி நம்ம ஆபீஸுக்கு வரும்போது அந்த 3 வருடம் முடிந்திருக்கக் கூடாது. நாம்தான் மேலே ஏறிப் போகணும்.

நம்ம கோரிக்கையும் இதுதான்: பணம் பங்கிடும் வரிசையைச் சொல்லும் 53-ஆம் பிரிவில் வங்கி முன்னே நிற்கிறது, தொழிலாளர் சம்பளமும் முன்னே நிற்கிறது. வயலில் வெயில் தாங்கியவரின் பாக்கிக்கும் அங்கே ஒரு தனி இடம் வேண்டும். சட்டம் மாறும்வரை, இருக்கிற சட்டத்தில் ஒரு நாள் கெடுவைக்கூட நாம் தவறவிடக் கூடாது.