உரும்பிராயில் எந்தப் பக்கம்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டையொட்டி உரும்பிராயில் நடைபெற்ற நன்றி ஆராதனையின் பின் ஆற்றப்பட்ட உரை)



ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு கலியாண வீட்டில் நம்மவர் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதற் கேள்வி, “எந்த ஊர்?” “உரும்பிராய்” என்கிறோம். உடனே அடுத்த கேள்வி வருகிறது: “உரும்பிராயில் எந்தப் பக்கம்?” நாம் ஒரு சந்தியைச் சொல்கிறோம், ஒரு கோயிலைச் சொல்கிறோம். கேட்டவர் மனதுக்குள் கணக்குப் பார்த்து முடிக்கிறார். அது வழி விசாரிக்கும் கேள்வி அல்ல, சாதி விசாரிக்கும் கேள்வி என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவருக்கும் தெரியும்.

இனவாதத்துக்கும் அநீதிக்கும் கிறிஸ்தவர்களின் பதில் என்ன என்று பேசும்படி சங்கத்தார் கேட்டபோது 1958, 1977, 1983 என்ற ஆண்டுகளே முதலில் மனதில் வந்தன. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் வந்தது. இவை எங்களுக்கு இழைக்கப்பட்டவை. இவற்றை மறக்கவும் முடியாது; மறக்கச் சொல்வது நீதியும் அல்ல. 2020இல் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட்டின் கழுத்தைப் பொலிஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றபோது, உலகெங்கும் உள்ள நம் பிள்ளைகள் கொதித்தெழுந்ததும் சரியே.

ஆனால் வேதத்தில் தாவீது ராஜாவும் அப்படித்தான் கொதித்தான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, அவனுக்குத் தண்டனை விதிக்க ராஜா தயாராக இருந்தான். அந்த ஐசுவரியவான் தானே என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு உண்மையான மனந்திரும்புதல் வந்தது. வைத்தியத் தொழிலில் உள்ள நாங்கள் இதை நாளாந்தம் காண்கிறோம். இடது கை வலிக்கிறது என்று வருபவருக்குச் சில வேளை நோய் இருதயத்தில் இருக்கும். வலிக்கும் இடத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் ஆளையே இழந்துவிடுவோம்.

ஆகையால் எங்கள் இருதயத்தைக் கொஞ்சம் சோதிப்போம்.

உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் செய்த குடும்பம் எங்களது. தோட்டத்துக்கு வேலைக்கு வருபவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவென்று ஒரு பேணி குசினிக்கு வெளியே ஆணியில் தொங்கியது. சாதி காட்டி ஒருவரைப் பொது இடத்தில் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பேணி 1980களின் கடைசியிலும் தொங்கியது. ஞாயிறுதோறும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்தில் பங்குபற்றிவிட்டு வந்த வீடு அது. அந்தப் பேணியைக் கழுவி மாட்டிய கைகளில் சிறுமிகளான எங்கள் கைகளும் உண்டு.

இன்னொன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு உத்தரவிட்டார்கள். அந்த நாட்களில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பலர் புத்தளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். எங்கள் வகுப்பிலும் ஒருத்தி வரவில்லை. சில நாள் இடாப்பில் அவள் பெயர் கூப்பிடப்பட்டது. பிறகு கூப்பிடப்படவில்லை. அவள் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை, ஜெபத்திலும் சொல்லவில்லை. பயம் இருந்தது உண்மை. பயம் இல்லாத இடத்துக்குப் போன பின்பும் நாங்கள் கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமமே வெளிக்கிட்டது. உரும்பிராயை விட்டு, கையில் அகப்பட்டதோடு, இலட்சக்கணக்கான சனத்தோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். அந்த இரவை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். முதல் ஒக்டோபர் 30ஐ நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

1983 ஜூலைக் கலவரத்தின் பின், குருநாகல் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க தம் சிங்கள மக்களைப் பார்த்தே பேசினார். நடந்ததற்காக வெட்கப்படவேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். அவர் யாரையும் அடித்தவர் அல்லர், எந்த வீட்டையும் எரித்தவர் அல்லர். ஆனாலும் தம் மக்களின் குற்றத்தைத் தமது என்று ஏற்றார். அந்த ஆண்டு ஒக்டோபரிலேயே, 56ஆவது வயதில் காலமானார். எங்களுக்காகப் பேசிய அவரைப் போற்றுகிறோம். எங்களால் துன்பப்பட்டவர்களுக்காக அவரைப் போல் நாங்கள் பேசினோமா?

நம் மத்தியிலும் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. நம் சங்கம் தொடங்கிய அதே 1920களில், ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் மாணவர் காங்கிரசைத் தொடங்கிச் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் குரல் கொடுத்தார்கள். வாங்கில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இருப்பதை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்களும் இந்தக் குடாநாட்டவர்தாம். இன்று நம் வாங்குகள் சமம். கலியாணப் பேச்சு?

சகேயு ஆண்டவரிடம் மன்னிப்போடு நிற்கவில்லை; எடுத்ததை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நாங்களும் செய்யக்கூடியவை உண்டு. பிள்ளைகளுக்கு 1983ஐச் சொல்லும்போது 1990ஐயும் சொல்வோம். கலியாணம் பேசுகையில் சாதி கேட்பதை நம் வீட்டோடு நிறுத்துவோம். சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் விடுபட்ட சகோதரிகளைத் தேடுவோம். பழைய இடாப்புகளில் பெயர் உண்டு. புத்தளத்திலோ கொழும்பிலோ இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளையும் கண்டிருக்கலாம். ஒரு கடிதம் எழுதி, நாங்கள் கேளாமல் விட்டதற்காக மன்னிப்புக் கேட்போம். அவர்கள் பதில் எழுதாவிட்டாலும் அது அவர்களின் உரிமை.

அடுத்த முறை எங்கேயாவது ஒருத்தி “உரும்பிராய்” என்று சொன்னால், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்போம். எந்தப் பக்கம் என்பது நமக்குத் தேவையில்லை.

கர்த்தர் நம் பாடசாலையையும் நம் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.